சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்



நம் பக்கத்தில் புதிய வண்டி வாங்குகிறவர்கள் அதை உடனே தொழிலில் இறக்கிவிடுவதில்லை. இருசக்கர வாகனமாயினும் டிராக்டராயினும் லாரியாயினும் முதலில் ஆலய வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சாவியைப் போதகரின் கையில் கொடுத்து, குடும்பத்தார் சுற்றி நிற்க, ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. ஊழியத்தின் ஆண்டுகளில் இப்படி எத்தனை சாவிகள் என் உள்ளங்கையில் வைக்கப்பட்டன என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு கடனும், அடகு வைத்த நகையும், ஒரு குடும்பத்தின் நெடுநாள் ஆசையும் இருந்தன என்பதை அறிவேன்.

இவ்வாரம் நான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்பும் கேள்வி இதுதான்: ஜெபித்து வாங்கிய புதிய வண்டி பழுதாகி வழியில் நின்றால், நாம் என்ன நினைக்கிறோம், என்ன பேசுகிறோம், என்ன செய்கிறோம்?

இது கற்பனைக் கேள்வியன்று. நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் அண்மையில் கடந்து வந்த பாதை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயரைத் தவிர்க்கிறேன். வண்டியை விற்றவர்கள், பழுது பார்த்தவர்கள், பாடி கட்டியவர்கள் ஆகியோரின் பெயர்களும் இங்கே வரா. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அந்தப் பழுது எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் நம் எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்று நம்புவதால் எழுதுகிறேன்.

ஓட்டுநர் உரிமையாளரானார்

அந்தச் சகோதரர் பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டியவர். சித்தையன்கோட்டை, ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறியும் தேங்காயும் ஏற்றிச் செம்பட்டி வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் செல்வார். அங்கிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி கடந்து பாலக்காடு வரை சரக்குக் கொண்டுசெல்வார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து நாள்தோறும் கேரளத்திற்குப் போகும் காய்கறி லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றைத் தன் பெயரில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய பன்னிரண்டு ஆண்டு விருப்பம்.

மனைவியின் நகையும் சீட்டுப் பணமும் முன்பணமாயின. மீதிக்கு நிதி நிறுவனத்தில் கடன். சேஸிஸாக வாங்கி, வெளியே கொடுத்துப் பாடி கட்டி, வண்ணம் பூசி, முன்கண்ணாடியின் மேல் பிள்ளைகளின் பெயரை எழுதி, ஆலயத்திற்குக் கொண்டுவந்தார். அன்று அந்தக் குடும்பத்தின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

ஆறாவது வாரம் வண்டி முதன்முறையாகக் கைவிட்டது. முழுச் சுமையோடு பழனியைத் தாண்டிச் செல்லும்போது எதிரே பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சிறிது நேரத்தில் இழுவை குறைந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர மறுத்தது. பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பித் திட்டிக்கொண்டு கடந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து பாலக்காடு போய்ச் சேர்ந்தபோது மண்டி முடிந்திருந்தது. தக்காளியை விலை கேட்பாரில்லை.

வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது விளக்கு தானே அணைந்துவிட்டது. மறுநாள் சர்வீஸ் நிலையத்தில் கணினியை இணைத்துப் பார்த்தார்கள். பதிவாகியிருந்த பிழையை அழித்துவிட்டு, "வண்டி நன்றாக இருக்கிறது" என்று அனுப்பினார்கள். பத்து நாளில் மீண்டும் அதே விளக்கு. இரண்டாம் முறை ஒரு சென்சாரை மாற்றினார்கள். மூன்றாம் முறை, "நீங்கள் ஊற்றும் யூரியாக் கரைசல் தரமற்றது. இதற்கு வாரண்டி பொருந்தாது" என்றார்கள். நான்காம் முறை வண்டியை உள்ளே விடவே தயங்கினார்கள்.

இன்றைய லாரி எப்படி இயங்குகிறது

இங்கே சற்று நின்று, இன்றைய லாரியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. நம் தந்தையர் காலத்து லாரியில் கரும்புகை வந்தால் அது சைலன்சர் வழியே வெளியேறும், அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய வாகனங்கள் பி.எஸ். 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. அதற்காக டீசலில் உள்ள கந்தகத்தின் அளவே பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த விதிக்கு ஏற்பச் செய்யப்பட்ட டீசல் லாரிகளின் புகைக்குழாயில் இரண்டு பெரிய வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, புகையிலுள்ள கரித்துகளைப் பீங்கான் வடிகட்டி ஒன்று பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கரி நிறைந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே அவ்வப்போது புகையின் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸை ஒட்டி உயர்த்தி, கரியை எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். வண்டி நெடுந்தூரம் சீராக ஓடினால் இது எளிதில் நடக்கும். குறுகிய தூரமே ஓடி, எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நின்றால் நடப்பது கடினம்.

மற்றொன்று, யூரியாக் கரைசலைப் புகையில் தெளிப்பது. 32.5 சதவீதம் யூரியாவும் மீதி தூய்மையாக்கப்பட்ட நீரும் கொண்ட இக்கரைசல், நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய் நீரில் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள உப்பும் அழுக்கும் படிந்து கருவியைக் கெடுத்துவிடும். நம் வெயிலில் நெடுநாள் வைத்திருந்தாலும் கரைசல் தரம் இழக்கும். இவை சரியாக நடக்கின்றனவா என்று அறியப் புகைக்குழாய் நெடுகச் சென்சார்கள் இருக்கின்றன. அவற்றின் செய்தி எஞ்சினை ஆளும் கணினிக்கு வராமல் போனால், கணினி படிப்படியாக எஞ்சினின் வலிமையைக் குறைத்துவிடும். ஓட்டுகிறவருக்கு எஞ்சினே செத்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் எஞ்சினுக்கு ஒரு குறையும் இராது.

ஆகையால் சர்வீஸ் நிலையத்தார் கரைசலின் மேல் சந்தேகப்பட்டது முற்றிலும் அநியாயம் என்று சொல்லமாட்டேன். அப்படிக் கெடுத்துக்கொண்ட வண்டிகளை அவர்கள் பார்த்திருக்கக்கூடும். ஆனால் இந்த ஓட்டுநர் என்ன ஊற்றினார் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து எழுதிய தீர்ப்பை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வண்டியைவிட வேகமாக ஓடிய பேச்சு

தவணை நாள் வந்தது. வண்டி ஓடவில்லை என்பதற்காகத் தவணை நிற்பதில்லை. முதல் மாதம் சமாளித்தார். இரண்டாம் மாதம் கடன் வாங்கிக் கட்டினார். இதற்குள் ஊரில் பேச்சு எழுந்துவிட்டது. "ராசியில்லாத வண்டி, தள்ளிவிடு" என்றார் ஒருவர். பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளத் தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். கண்பட்டுவிட்டது என்றார்கள் சிலர். இவற்றை நாம் எதிர்பார்க்கலாம். வருத்தம் என்னவெனில், நம் ஆலய வளாகத்திற்குள்ளேயே ஒருவர் அவரிடம், "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தாயா? வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா பார்" என்று கேட்டுவிட்டார்.

அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் அவர் ஆராதனைக்கு வரவில்லை.

நான் வீட்டிற்குச் சென்றபோது வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, நீங்கள் ஜெபம் செய்த வண்டிதானே? பிறகு ஏன் இப்படி?" என்று கேட்டார். அதில் கோபமில்லை. குழந்தை தகப்பனிடம் கேட்பதுபோல் இருந்தது.

அன்பானவர்களே, இந்தக் கேள்விக்கு விரைந்து விடையளிப்பவர்களைக் கண்டு நான் அஞ்சுகிறேன். யோபுவின் நண்பர்கள் மூவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தொலைவிலிருந்து வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது நன்று. பிறகு துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். யோபுவிடம் மறைந்திருக்கும் குற்றத்தைத் தேடினார்கள். இறுதியில் கர்த்தர் கடிந்துகொண்டது அவர்களைத்தான், யோபுவை அன்று. துன்பப்படுகிறவனைத் துன்பத்திற்குக் காரணமாக்குவது பக்திபோல் தோன்றும். ஆனால் வேதம் அதைப் பக்தி என்று ஏற்கவில்லை.

ஆகையால் நான் அவரிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "தம்பி, இரும்பு தேயும், ஒயர் அறுந்துபோகும். நாம் ஜெபித்தது அதில் ஏறுகிற உங்களுக்காக. வண்டி நின்ற எந்த இடத்திலும் உங்கள் உயிருக்குக் கேடு வரவில்லை. இனி இதற்குக் காரணம் தேடுவோம். காரணம் இல்லாமல் விளக்கு எரியாது. அந்தக் காரணம் உங்கள் வீட்டுக்குள் இல்லை, வண்டிக்குள் இருக்கிறது."

ஒரு பள்ளிக்கூட நோட்டு

அப்போது அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து தந்தார். மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். தேதி, கிளம்பிய இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், ஏற்றிய சுமை, விளக்கு எரிந்த நேரம். ஊற்றிய டீசலுக்கும் யூரியாக் கரைசலுக்கும் உரிய ரசீதுகளைப் பசையிட்டு ஒட்டியிருந்தார். ஒவ்வொரு முறையும் பங்கிலேயே கரைசல் வாங்கப்பட்டிருந்தது. கணவர் சோர்ந்து உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தச் சகோதரி தன்னால் இயன்ற ஒன்றைச் செய்துகொண்டே இருந்தார். நடந்ததை நடந்தபடியே எழுதினார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அந்த நோட்டை நாங்கள் மூவரும் வாசித்தோம். இரண்டு பக்கம் கடந்ததும் ஒரு செய்தி கண்ணுக்குத் தெரிந்தது. விளக்கு எரிந்த நாட்கள் எல்லாம் முழுச்சுமை ஏற்றிய நாட்கள். வெறும் வண்டியாகத் திரும்பிய நாட்களில் ஒருமுறைகூட எரியவில்லை. அரைச்சுமை நாட்களிலும் எரியவில்லை. அதோடு சர்வீஸ் நிலையத்திற்குச் சென்ற ஒவ்வொரு முறையும் வண்டி வெறுமையாகத்தான் சென்றிருந்தது. காய்கறியை வைத்துக்கொண்டு யார் பழுது பார்க்கப் போவார்? இறக்கிவிட்டுத்தானே போக முடியும்? சுமையில் துன்பப்பட்ட வண்டியைச் சுமையில்லாமல் பார்த்துவிட்டு, குறையில்லை என்று நான்கு முறை சொல்லியிருக்கிறார்கள்.

உரிமையைக் கேட்பது பகையன்று

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதினோம். நடந்தவற்றைத் தேதிவாரியாகக் குறிப்பிட்டு, ஜாப் கார்டுகளின் நகல்களை இணைத்து, "சுமையோடு ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும்" என்று கேட்டோம். ஒரு படியைச் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினோம். மற்றொரு படியை நிறுவனத்தின் தலைமையகத்திற்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

கடிதம் எழுதும்போது அவர் தயங்கினார். "லாரி தொழில் வண்டிதானே ஐயா, நமக்கெல்லாம் நுகர்வோர் சட்டம் வருமா?" என்றார். உங்களில் பலருக்கும் இந்த ஐயம் இருக்கலாம் என்பதால், நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை அந்த விதியிலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. 1995 ஏப்ரலில் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நம் கோயம்புத்தூரில் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றிய வழக்கு அது. வாங்கிய நிறுவனம் வணிகத்திற்காக வாங்கியது என்பதால் அதன் முறையீடு ஏற்கப்படவில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் எடுத்துக்காட்டுகள் தந்தார்கள். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போய்விடாது. பல வண்டிகளை வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவரின் நிலை வேறு.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இலும் இந்த விளக்கம் தொடர்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம்; நமக்கு அது திண்டுக்கல்லில் இருக்கிறது. விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய்தான். வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். உற்பத்தியிலேயே குறை என்று சொன்னால் அதைப் பெரும்பாலும் நிபுணர் அறிக்கையால் காட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் ஜாப் கார்டும் ரசீதும் முக்கியம். முதற்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம்.

விசுவாசிகள் இப்படி முறையிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பவுல் அப்போஸ்தலர் தம்மைச் சாட்டையால் அடிக்கவிருந்தபோது தாம் ரோமக் குடிமகன் என்பதை எடுத்துச் சொன்னார். பின்னர் இராயனிடமே மேல்முறையீடு செய்தார். உண்மையை அமைதியாக, எழுத்தில், உரிய இடத்தில் சொல்வது பகைமையன்று. சர்வீஸ் நிலைய வாசலில் நின்று கத்துவதும், கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கை வைவதும், முகநூலில் சாபமிடுவதும்தான் நமக்குத் தகாதவை. அந்தச் சகோதரர் ஒரு வார்த்தையும் தடித்துப் பேசவில்லை. ஆனால் கேட்டதிலிருந்து பின்வாங்கவுமில்லை.

நூறு கிலோமீட்டர் உடன் வந்தவர்

கடிதத்திற்குப் பத்து நாட்களில் பலன் கிடைத்தது. சர்வீஸ் நிலையத்திலிருந்து இளம் மெக்கானிக் ஒருவரைச் சுமையோடு உடன் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அவர் மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டன்சத்திரத்தில் முழுச்சுமை ஏற்றி, பழனி வழியாகப் புறப்பட்டார்கள். சாலையின் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது விளக்கு எரிந்தது. அந்தக் கணத்திலேயே திரையில் ஒரு சென்சாரின் செய்தி அறுந்துபோவதை அவர் பார்த்தார்.

வண்டியை ஓரங்கட்டி, தார்ப்பாயை விரித்து, சுமையை இறக்காமலே அடியில் படுத்துப் பார்த்தார். சேஸிஸ் ஓரமாகப் போகும் ஒயர்க் கட்டு ஒரு கிளாம்ப் அருகே இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. கிளாம்ப் தனக்குரிய துளையில் இல்லாமல் அடுத்த துளையில் பொருத்தப்பட்டிருந்தது. வெறும் வண்டியில் ஒயருக்கும் இரும்புக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. சுமை ஏறி வண்டி தாழ்ந்தபோது அந்த இடைவெளி மறைந்தது. உரசி உரசி மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பளிச்சிட்டது. ஆறு வாரத்தில் தேய்ந்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு குடும்பத்தைப் படுக்க வைக்க அது போதுமாயிருந்தது.

அந்தக் கிளாம்பை அங்கே பொருத்தியது யார்? வண்டி செய்த இடமா, பாடி கட்டிய இடமா? அது இன்றுவரை தெரியவில்லை. ஒயர்க் கட்டை வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். முன்பு சென்சாருக்கு வாங்கிய தொகையையும் திருப்பித் தந்தார்கள். போன தவணைகளும் அழுகிய தக்காளியும் திரும்பவில்லை. வாங்கிய கைமாற்றை அவர் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். வண்டி ஓடுகிறது.

இரண்டு வகைப் பாரம்

கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் சிலருக்குக் குழப்பம் தரும் ஓர் இடம் உண்டு. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று சொல்லும் பவுல், மூன்று வசனம் தாண்டியதும் அவரவர் பாரத்தை அவரவரே சுமக்க வேண்டும் என்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்ற ஒரே சொல் வருகிறது. மூல கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள். முதலாவது 'பாரோஸ்', மனிதனை அழுத்தி நசுக்கும் பளு. இரண்டாவது 'ஃபோர்த்தியோன்', அவரவருக்கு ஏற்றப்பட்ட சரக்கு. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் சென்ற கப்பலின் சரக்கைக் குறிப்பதும் இந்தச் சொல்தான்.

சரக்கை அவரவரே சுமக்க வேண்டும். அந்தச் சகோதரரின் தவணையை அவர்தான் கட்ட வேண்டும். அவருடைய லாரியை அவர்தான் ஓட்ட வேண்டும். அதை அவரும் மறுக்கவில்லை, அதைச் செய்வதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் சரக்கின் மேல் நாம் ஏற்றிய பளு ஒன்று இருந்தது. ராசியில்லாதவன், பாவம் செய்தவன், யூரியாவில் தண்ணீர் கலந்தவன் என்ற பெயர்கள். அந்தப் பளு அவருடையதன்று. அதை இறக்கிவிடும் கடமை நமக்கு இருந்தது.

ஒவ்வொரு லாரியின் பதிவுச் சான்றிதழிலும் வெற்று எடை என்றும், சுமையோடு கூடிய மொத்த எடை என்றும் இரண்டு எண்கள் உண்டு. ஞாயிறு காலையில் நாம் ஒருவரையொருவர் பார்ப்பது பெரும்பாலும் வெற்று எடையில்தான். சலவை செய்த உடையில், புன்னகையோடு கைகுலுக்கி, "நன்றாக இருக்கிறோம் ஐயா" என்கிறோம். அந்த நிலையில் யாரிடமும் ஒரு விளக்கும் எரிவதில்லை. திங்கட்கிழமை சுமை ஏறிய பிறகுதான் எங்கே உரசுகிறது என்பது தெரியும். படுத்த படுக்கையான தாயைக் கவனிக்கும் மகளுக்கு நள்ளிரவில் உரசுகிறது. வேலை கிடைக்காத பட்டதாரி மகனுக்கு உறவினர் வீட்டுத் திருமணத்தில் உரசுகிறது. கடன் வாங்கியவருக்கு ஐந்தாம் தேதி உரசுகிறது. அவர்கள் எரிந்து விழுவதையும், ஆராதனைக்கு வராமல் நிற்பதையும் பார்த்துவிட்டு நாம் வெறும் வண்டியைச் சோதித்தவர்களாகத் தீர்ப்புச் சொல்கிறோம்.

அந்த இளம் மெக்கானிக் எனக்கு ஒரு போதகராகவே தோன்றுகிறார். அவருக்கு முன்பு பார்த்தவர்களைவிட அவர் அறிவில் சிறந்தவரா என்று எனக்குத் தெரியாது. அவர் உடன் ஏறினார். சுமையிருக்கும்போதே, சாலை ஓரத்து வெயிலில், வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். பரலோகத்திலிருந்து பார்த்துக்கொண்டிராமல் நம்மோடு வந்து நம் பாரத்தின் அடியில் நின்றவரை ஆராதிக்கிற நமக்கு, இது புதிய பாடம் அன்று.

ஆகவே இவ்வாரம் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, துன்பத்தில் இருக்கிறவரிடம் காரணம் சொல்லாதிருங்கள்; நடந்தது என்னவென்று கேளுங்கள், முடிந்தால் எழுதிவைக்க உதவுங்கள். சோர்ந்த மனம் மறந்துவிடுவதை ஒரு நோட்டு நினைவில் வைத்திருக்கும். இரண்டாவது, நியாயமான உரிமையைக் கேட்கத் தயங்கி நிற்கும் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரோடு அந்த அலுவலகம் வரை நடந்து போங்கள். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்பதே பாதிப் பலம். மூன்றாவது, நம் சபையில் சில வாரங்களாகக் காணாத ஒருவரின் வீட்டிற்கு வாரநாளில், வேலை நேரத்தில் செல்லுங்கள். அவர் சுமந்துகொண்டிருக்கும்போது பாருங்கள்.

நம்மை உருவாக்கினவர், நம்மேல் ஏற்றப்பட்டிருப்பதன் எடையை அறிந்தவர். ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் அவர் உங்கள் அருகிலிருந்து உங்களை நடத்துவாராக. வழியில் நின்றுபோன எவரையும் கடந்து போகாத கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர்